கொண்டலும் கோடையும் கடல் கடந்தபோது

தமிழர் காற்றுக்குத் திசையால் பெயரிட்டனர். வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. காற்று எத்திசை நோக்கிச் செல்கிறது என்பதைக் கொண்டன்று, எத்திசையினின்று புறப்படுகிறது என்பதைக் கொண்டே இப்பெயர்கள் அமைந்தன. இக்கால வானிலையியலும் இம்முறையையே மேற்கொண்டுள்ளது. தென்மேற்குப் பருவக்காற்று என்றால் தென்மேற்கிலிருந்து வீசும் காற்று என்பதே பொருள். மாணவர் அடிக்கடி இடறும் இடம் இது. நான்கு பழம்பெயர்களையும் முதலில் கற்பித்துவிட்டால் அவ்விடறல் பெரும்பாலும் நீங்கும்.

ஆயினும் இப்பெயர்கள் திசையை மட்டும் சுமந்து நிற்கவில்லை. கொண்டல் என்பது நீர் கொண்ட முகிலுக்கும் பெயர். வங்கக் கடலின் மேல் வரும் கீழைக்காற்று ஐப்பசி, கார்த்திகையில் சோழமண்டலக் கரையில் மழையைக் கொட்டக் கண்டவர்கள் வழங்கிய பெயர் அது. கோடை என்பதோ மேல்காற்றுக்கும் வெயிற்காலத்துக்கும் பொதுவான சொல். அரபிக் கடலினின்று வரும் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போது குளிர்கிறது. குளிர்ந்த காற்று தன் நீராவியைத் தாங்கமாட்டாமல் கேரளப் பக்கத்திலேயே மழையாக இறக்கிவிடுகிறது. மலையைத் தாண்டிக் கீழிறங்கும்போது காற்று அழுத்தத்தால் சூடேறி, வறண்டு, வெறுங்கையோடு தமிழகச் சமவெளிக்கு வந்து சேர்கிறது. மலையின் பின்புறமாக இவ்வாறு மழை குன்றும் நிலப்பரப்பே மழைமறைவுப் பகுதி எனப்படும். கோடை என்ற சொல்லில் உள்ள வெம்மை, உண்மையில் அந்த மலை தந்த வெம்மை எனலாம்.

இச்சொற்களோடுதான் தமிழர் கடல் கடந்தனர். முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை 1025-ஆம் ஆண்டளவில் கடாரத்தைத் தாக்கியது. அதற்கு முன்னரே பூசாங் பள்ளத்தாக்குக்கு வணிகக் கலங்கள் வந்துகொண்டிருந்தன. 1,200 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் செராய் மலையே அவற்றுக்குக் கரைகாட்டி. தென்மேற்குக் காற்று கலங்களைக் கிழக்கே செலுத்தியது. வடகிழக்குக் காற்று அவற்றைத் தாயகத்துக்குத் திருப்பியது. இடைப்பட்ட திங்களில் வணிகன் காத்திருந்தே தீர வேண்டும். மலாய் மக்கள் இந்தியா, அரேபியா முதலிய நாடுகளைக் காற்றுக்கு மேலுள்ள நாடுகள் என்றும், தம் நாட்டைக் காற்றுக்குக் கீழுள்ள நாடு என்றும் வழங்கினர். உலகையே காற்றால் பகுத்த வழக்கு அது. மலாயில் பருவத்தைக் குறிக்கும் 'மூசிம்' என்ற சொல்லும், ஆங்கிலேயரின் 'மான்சூன்' என்ற சொல்லும் 'மவ்சிம்' என்னும் ஓர் அரபுச் சொல்லின் கிளைகளே.

1786 ஆகஸ்டு 11-ஆம் நாள் பிரான்சிசு லைட் பினாங்குத் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் கைக்கொண்டான். சோழமண்டலக் கரையினின்று சூலியா முசுலிம் வணிகரும் தொழிலாளரும் வந்து குடியேறினர். சூலியா தெருவும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் இன்றும் அதற்குச் சான்று. பாய்மரக் காலத்தில் காற்றறிவு பிழைப்போடு பிணைந்திருந்தது. நீராவிக் கப்பல் வந்ததும் அப்பிணைப்பு அறுந்தது. 1926-இல் கட்டப்பட்ட 'ரஜுலா' போன்ற கப்பல்களில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்தவர்களுக்கு வாடையும் ஒன்றுதான், கோடையும் ஒன்றுதான். பயணச்சீட்டில் நாள் மட்டுமே குறிக்கப்பட்டிருந்தது.

சொற்கள் பின்னர்ப் பள்ளிக்கூடத்தில் தங்கின. பினாங்கு ஃபிரீ பள்ளியில் 1816-இல் தொடங்கிய தமிழ் வகுப்பையே மலேசியத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். பாடநூல்களோ நெடுங்காலம் தமிழகத்திலிருந்தே வந்தன. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பருவங்களையும் பிள்ளைகள் ஒப்புவித்தனர். வடகிழக்குப் பருவக்காற்று மழை தரும் என்றும் எழுதினர். அதே தை மாதத்தில் வெளியே எட்டிப் பார்த்தால் வானம் துடைத்துவிட்டாற்போல் கிடந்தது.

நூலும் பொய்யன்று, வானமும் பொய்யன்று. தமிழகம் மலைத்தொடருக்குக் கிழக்கே கிடக்கிறது. பினாங்கோ தீபகற்ப மலைத்தொடர்களுக்கு மேற்கே கிடக்கிறது. ஆகவே, கண்ணாடியில் இடம் வலமாவதுபோல், காற்றுகளின் குணம் இங்கே மாறிவிடுகிறது. கிளந்தானையும் திரங்கானுவையும் வெள்ளக்காடாக்கும் வடகிழக்குக் காற்று, மலையைத் தாண்டிப் பினாங்கை அடையும்போது வறண்டுவிடுகிறது. இங்கே கொண்டல் நீர் கொள்ளாத கொண்டல். மேல்காற்றோ மலாக்கா நீரிணையின் நீராவியை வாரிக்கொண்டு வருகிறது. சுமத்திராவின் மலைகள் அதன் மழையில் ஒரு பங்கைத் தடுத்துக்கொண்டாலும், பின்னிரவில் நீரிணையில் திரண்டு விடியலில் கரையைத் தாக்கும் சூறைமழை அத்திசையினின்றே வருகிறது. அதன் பெயரே 'சுமத்திரா'. கோடைக்காற்றில் குடை பிடிக்க வேண்டிய ஊர் இது.

தைப்பூசம் நல்ல எடுத்துக்காட்டு. தமிழகத்தில் அது பனிக்காலத்துத் திருவிழா. பினாங்கில் அது ஆண்டின் வறண்ட திங்களில் வருகிறது. தண்ணீர்மலைக்குக் காவடி எடுப்போர் காலடியில் தார்ச்சாலை கொதிக்கிறது. (மலையின் பெயர் மட்டும் குளிர்ந்திருக்கிறது.) சித்திரையில் தமிழகம் காயும்போது, இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட பினாங்கில் பிற்பகல் இடிமழை பெய்யும். நிலம் சூடேறி, காற்று செங்குத்தாக எழுந்து முகிலாகும் வெப்பச்சலன மழை அது. ஐப்பசி அடைமழை ஒன்றே இரு கரைக்கும் பொது. அதற்கும் காரணம் வேறு: அங்கே பருவக்காற்றின் தொடக்கம், இங்கே இடைப்பருவத்தின் உச்சம். வாடையின் குளிர்ச்சியும் இங்கில்லை. மிக வெப்பமான மாதத்துக்கும் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் சராசரியில் ஓரிரு டிகிரி வேறுபாடே காணப்படும். பகலுக்கும் இரவுக்கும் உள்ள வேறுபாடு அதனினும் பெரிது.

இங்குதான் வானிலை, காலநிலை என்னும் இரு சொற்களையும் பிரித்துக் காட்டுதல் எளிதாகிறது. இன்று காலை பெய்த மழை வானிலை. முப்பது ஆண்டுக் கணக்கில், தை வறட்சியும் ஐப்பசி மழையும் என்று தேறுவது காலநிலை. காலநிலை எதிர்பார்ப்பைத் தரும். வானிலை அதை மீறவும் கூடும்.

2017 நவம்பர் 4, 5 நாள்களில் அவ்வாறு மீறியது. விடிய விடியப் பெய்த மழையில் ஜார்ஜ் டவுன் நீரில் மூழ்கியது, மரங்கள் சாய்ந்தன, எழுவர் உயிரிழந்தனர். பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு 5 பாகையளவே வடக்கே உள்ளது. அத்துணை அருகில் புயல் உருவாதல் அரிது. அன்று வந்ததும் புயலன்று. தாய்லாந்து வளைகுடாவினின்று பினாங்குக்கு வடக்கே மேற்கு நோக்கி நகர்ந்த காற்றழுத்தத் தாழ்வு. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே, தாழ்வழுத்த நடுவத்தைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாகவே சுழலும். அச்சுழற்சியின் தென்புறத்தில் அகப்பட்ட ஊருக்குக் காற்று மேற்கிலிருந்து வரும். தாழ்வழுத்தம் கிழக்கிலிருந்து வந்தபோதிலும் பினாங்கை நனைத்தது நீரிணையின் மேல் வந்த மேல்காற்றே. பழைய பெயரால் சொன்னால், கோடை.