ஜெனீவாவில் ஒரு கேணலும் அவர் கொடுத்த கடதாசிகளும்



"கடதாசி கிடைச்சிட்டுதோ?" எங்கள் ஆட்கள் இந்த நாடுகளுக்கு வந்து இறங்கிய காலத்தில், சுகம் கேட்பதற்கு முன்னர் கேட்ட கேள்வி இதுதான். விசாக் கடதாசி, அகதிக் கடதாசி, வேலைக் கடதாசி. ஒரு முத்திரைக்காக இரண்டு மூன்று வருடங்கள் தூக்கமில்லாமல் இருந்தவர்களுக்கு, இம்மாதம் நான் சொல்லப்போகும் மனிதரைப் பற்றி அதிகம் விளக்கவேண்டியதில்லை.

அவர் பெயர் ஹொசே ஆர்துரோ கஸ்தெயானோஸ். மத்திய அமெரிக்காவில் எல் சல்வடோர் என்றொரு சின்ன நாடு இருக்கிறது. பரப்பில் எங்கள் இலங்கையின் மூன்றில் ஒரு பங்குதான் வரும். அந்த நாட்டு இராணுவத்திலே கேணல் தரத்தில் இருந்தவர். 1893இல் பிறந்து, இளவயதிலேயே படையில் சேர்ந்து, இராணுவத் தலைமையகத்தில் இரண்டாம் இடம் வரை உயர்ந்தவர். 1937இல் அவரை லிவர்பூலுக்குத் தூதரகப் பணிக்கு அனுப்பினார்கள். அடுத்த வருடம் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரம்.

1938ஆம் ஆண்டு ஹம்பேர்க் என்றால் நேயர்களுக்கு விளங்கும். அந்த வருடம் யூலையில் 32 நாடுகள் எவியன் நகரில் கூடி யூத அகதிகளைப் பற்றிப் பேசின. அநுதாபம் தெரிவித்தார்கள், கதவைத் திறந்தவர்கள் மிகக் குறைவு. நவம்பரில் யூதர்களின் தொழுகைக் கூடங்கள் எரிந்தன. அதன் பிறகு எந்த நாட்டுத் தூதரக வாசலிலும் வரிசைதான். கஸ்தெயானோஸ் தன் வாசலில் நின்றவர்களைப் பார்த்தார். விசா கொடுக்க அனுமதி தாருங்கள் என்று தன் வெளிவிவகார அமைச்சருக்கு எழுதினார். முடியாது என்று பதில் வந்தது.

இராணுவத்திலே வளர்ந்த ஒருவருக்கு மேலிடத்துக் கட்டளை என்பது சாதாரண விஷயமல்ல. ஆனபடியால் அவர் முதலில் எழுதிக் கேட்டதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஒழுங்கான வழியைத்தான் முதலில் தட்டினார். அது திறக்கவில்லை.

போர்க்காலத்தில் அவர் ஜெனீவாவுக்குக் கொன்சல் ஜெனரலாக மாற்றப்பட்டார். அவருக்கு அறிமுகமான ஒரு யூத வியாபாரி அங்கே இருந்தார். திரான்சில்வேனியாவில் பிறந்த ஜோர்ஜ் மண்டல் என்பவர். கஸ்தெயானோஸ் அவருக்கு 'முதற் செயலாளர்' என்ற பதவியைக் கொடுத்தார். உண்மையில் அந்தத் துணைத்தூதரகத்தில் அப்படி ஒரு பதவியே கிடையாது! மண்டல் என்ற பெயரும் ஸ்பானிய வாய்க்கு ஏற்றபடி 'மந்தெயோ' ஆகிவிட்டது.

இந்த இருவரும் சேர்ந்து செய்த வேலை இதுதான். விசா வழங்கவில்லை, நேரே குடியுரிமைச் சான்றிதழையே வழங்கினார்கள். ஒரு தாள், ஒரு புகைப்படம், ஒரு முத்திரை. 'இந்தப் படத்தில் உள்ளவர் எல் சல்வடோர் நாட்டுப் பிரசை.' படத்தில் இருந்தவர்களோ போலந்திலும் பிரான்ஸிலும் ஒல்லாந்திலும் ஹங்கேரியிலும் ஒளிந்திருந்த யூதர்கள். ஸ்பானிய மொழியில் ஒரு சொல் தெரியாது. அந்த நாடு வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்றும் பலருக்குத் தெரிந்திராது.

வெறும் தாள் எப்படி உயிரைக் காக்கும் என்று கேட்கலாம். எல் சல்வடோர் 1941 டிசம்பரிலேயே ஜேர்மனிக்கு எதிராகப் போர்ப் பிரகடனம் செய்திருந்தது. எதிரி நாட்டுப் பிரசை என்றால் தடுத்து வைக்கலாம், ஆனால் கைதி மாற்றத்துக்கு உதவுவார் என்று விட்டுவைக்கவும் கூடும். லத்தீன் அமெரிக்க நாடுகளில் ஜேர்மனியர்களும் அகப்பட்டிருந்தார்கள் அல்லவா? நாடற்ற யூதருக்கு அந்தக் கணக்கில் இடமேயில்லை. ஆகவே எதிரியின் பிரசையாக இருப்பது நாடற்றவனாக இருப்பதைவிடப் பாதுகாப்பாக இருந்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்நாட்களில் சில நாடுகளின் பிரதிநிதிகள் இப்படிப்பட்ட கடதாசிகளை நல்ல விலைக்கு விற்றார்கள். கஸ்தெயானோஸும் மந்தெயோவும் இலவசமாகக் கொடுத்தார்கள். ஏஜென்சிக்காரனுக்குக் காணியை ஈடு வைத்துக் காசு கட்டிய எங்களுக்கு இதன் பெறுமதி தெரியும்.

1944 மார்ச்சில் ஜேர்மன் படை ஹங்கேரிக்குள் புகுந்தது. மே நடுப்பகுதி தொடக்கம் யூலை வரை நான்கு இலட்சத்துக்கும் அதிகமான யூதர்களை ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள். பெரும்பாலோர் போய்ச் சேர்ந்த இடம் அவுஷ்விற்ஸ். மந்தெயோ தன் நண்பரான ஒரு ருமேனிய இராஜதந்திரியிடம் ஒரு கட்டுச் சான்றிதழ்களைக் கொடுத்து அனுப்பினார். மந்தெயோவின் சொந்தப் பெற்றோரைத் தேடியும் அவர் போனார். அவர் போய்ச் சேர்வதற்கு முன்பே அவர்களை ஏற்றிவிட்டிருந்தார்கள். பல குடும்பங்களுக்குக் கடதாசி எழுதிக் கொடுத்த கையால் தன் தாய் தகப்பனைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த நண்பர் திரும்பி வரும்போது அவுஷ்விற்ஸில் நடப்பதைப் பற்றிய அறிக்கையைக் கொண்டு வந்தார். மந்தெயோ அதைச் சுவிஸ் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். உலகெங்கும் கண்டனம் எழுந்தது. யூலை தொடக்கத்தில் ஹங்கேரிய ஆட்சித்தலைவர் ஹோர்த்தி ரயில்களை நிறுத்தினார்.

இவ்வளவு நாளும் இந்தச் சான்றிதழ்களுக்குப் பின்னால் அவற்றை ஏற்றுக்கொள்ள ஓர் அரசாங்கம் இருக்கவில்லை. அந்த வருடம் மே மாதம் எல் சல்வடோரின் சர்வாதிகாரி மார்த்தினெஸ் பதவி இழந்தார். புதிய அரசாங்கம் கேணலின் பக்கம் நின்றது. ஹங்கேரியில் எல் சல்வடோரின் நலன்களைக் கவனிக்கும்படி சுவிஸிடம் கேட்டுக்கொண்டது. புடாபெஸ்டில் சுவிஸ் துணைத்தூதுவராக இருந்த கார்ல் லுட்ஸ், அந்தக் கடதாசி வைத்திருந்தவர்களையும் தன் பாதுகாப்பின்கீழ் கொண்டுவந்தார். பொய்யாகத் தொடங்கிய குடியுரிமை ஓர் அரசாங்கத்தின் வாக்காக மாறியது.

பொய்க் கடதாசிதானே என்று சிலர் முகம் சுளிக்கலாம். தலை மாத்தின பாஸ்போட்டில் வந்து, இன்றைக்கும் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் எங்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் கூச்சப்படத் தேவையில்லை என்பது என்னுடைய எண்ணம்.

போர் முடிந்தது. கேணல் நாடு திரும்பினார், செய்ததைப் பற்றி வாய் திறக்கவில்லை. எழுபதுகளில் 'எக்ஸோடஸ்' நாவலை எழுதிய லியோன் யூரிஸ் அவரைத் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் சொந்த வீட்டாருக்கே விஷயம் சரியாகத் தெரிந்தது என்பார்கள். 1977இல் சன் சல்வடோரில் காலமானார். 2010இல் இஸ்ரேலின் யாட் வஷெம் நிறுவனம் அவரைக் கௌரவித்தது. ஜெனீவாவில் ஒரு வீட்டு நிலவறையில் இருந்த பெட்டியில் ஆயிரத்துக்கும் அதிகமான மூலச் சான்றிதழ்கள் கிடைத்தன. அவை இப்போது வாஷிங்டனில் உள்ள இன அழிப்பு நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தாய், தகப்பன், நடுவில் பிள்ளை என்று நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும் படங்கள். எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கும் பழைய கடவுச்சீட்டுப் படங்களைப் போலத்தான்.

அவர் இறந்து மூன்று வருடங்களுக்குள் எல் சல்வடோரில் உள்நாட்டுப் போர் மூண்டது. 12 வருடங்கள், ஏறத்தாழ 75,000 உயிர்கள். கனடாவுக்கு அகதிகளாக வந்த அந்த நாட்டவர்களும் நாங்களும் எண்பதுகளில் ஒரே வரிசையில்தான் நின்றோம். நான் முதன்முதலில் வேலை செய்த தொழிற்சாலையில் என் பக்கத்து மெஷினில் ஒரு சல்வடோர்க்காரர் நின்றார். இரண்டு பேருக்கும் ஆங்கிலம் அரைகுறை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் முதன்முதலாக என்னிடம் கேட்டதும் அதே கேள்விதான், கடதாசி வந்துவிட்டதா என்று.