‘மதராஸ் பிரசிடென்ஸி’ எனப் பெயர் பூண்ட போர் விமானங்களும் விருதுநகரும்

பழைய நாணயங்களையும் பழைய ஏடுகளையும் தேடித் திரட்டிப் போற்றுவார் நம் நாட்டில் உளர். ஆயின் பழைய போர் விமானங்களைப் போற்றுவாரது கூட்டம் மேல்நாடுகளிற் பெருகிய அளவு இங்குப் பெருகவில்லை. அந்நாடுகளில் இவ்விருப்பமுடையார் செய்யுங் காரியங்களைக் கேட்பின் வியப்புண்டாகும். விமானத்தின் உடலில் தீட்டிய எண் ஒன்றை மாத்திரம் கொண்டு, அஃது எந்த ஆலையிற் பிறந்தது, எந்த அணியிற் சேர்ந்தது, எந்த நாளில் எவரால் செலுத்தப்பட்டு எங்கே வீழ்ந்தது என்று ஜாதகங் கணிப்பார்போற் சொல்லிவிடுவர். சேற்றிற் புதைந்த எஞ்சினைத் தோண்டியெடுத்துப் பல்லாண்டு உழைத்து, அதனை மீண்டும் உறுமச் செய்து கண்ணீர் விடுவாரும் அவருள் உளர்.

சிவகாசியிற் செய்யும் வெடிகளுக்கு ‘ராக்கெட்’ என்றும் ‘ஹெலிகாப்டர்’ என்றும் ‘அணுகுண்டு’ என்றும் பெயரிட்டுச் சிறுவர் கையிற் கொடுக்கும் நம் பக்கத்தார்க்கு ஆகாயக் கருவிகளின் நாமங்கள் புதியன அல்ல. எனினும் யாம் இங்குச் சொல்லப் புகுந்தது வெடியைப் பற்றியன்று. இரண்டாம் உலக யுத்தத்தில் இங்கிலாந்தின் ஆகாயப் படையிற் போர் செய்த 79, 234, 264 என்னும் எண்களையுடைய மூன்று அணிகள் ‘மதராஸ் பிரசிடென்ஸி’ என்னும் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டிருந்தன. அவ்வணிகளில் நம் நாட்டு இளைஞர் நிரம்பியிருந்தனர் என்று எண்ணிவிடற்க. அப்பெயர் ஆளால் வந்ததன்று; பணத்தால் வந்தது. அப்பணம் நம் மாகாணத்திற் திரட்டப்பட்டது. அதனைத் திரட்டியபோது விருதுநகரிற் பிறந்த ஒருவர் என் செய்தார் என்பதே இவ்வியாசத்தின் உட்கிடை.

பணங் கொடுத்து விமானத்திற்குப் பெயர் பெறும் வழக்கம் முதல் யுத்தத்திலேயே தோன்றியது. 1918-இல் ஹைதராபாத் நிஜாம் அளித்த பொருளால் 110-ஆம் அணிக்கு டி.எச். 9ஏ என்னும் குண்டு வீசும் விமானங்கள் கிடைத்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் நிஜாமின் கொடையென்பது எழுதப்பட்டது. அவற்றுள் எப் 1010 என்னும் எண்ணுடையது 1918 அக்டோபரில் ஜெர்மனியர் கையிற் சிக்கியது. அவர்கள் அதனை வெற்றிச் சின்னமாகப் பெர்லின் காட்சிசாலையில் வைத்தனர். இரண்டாம் யுத்தத்தின் குழப்பத்தில் அது போலந்து தேசத்தைச் சேர்ந்து, கிராக்கோ நகரத்தில் நெடுநாட் கிடந்தது. 1977-இல் ஒரு ஸ்பிட்பயர் விமானத்தை மாற்றாகக் கொடுத்து ஆங்கிலேயர் அதனைத் தம் ஆகாயப் படைக் காட்சிசாலைக்கு மீட்டுக்கொண்டனர். தெக்கணத்துக் குடிகளின் வரிப்பணம் பெர்லினையும் போலந்தையும் சுற்றி இலண்டனைச் சேர்ந்த கதை இது.

பிகானீரில் நிகழ்ந்தது இதனினும் விநோதம். முதல் யுத்தம் முடிந்தபின் பிரிட்டிஷ் அரசாங்கம் தனக்கு மிஞ்சிய விமானங்களுள் நூற்றை இந்தியாவிற்கு அளித்தது. அவற்றிற் சில சுதேச சமஸ்தானங்களுக்குச் சென்றன. பிகானீர் அரண்மனையில் அத்தகைய டி.எச். 9 விமானங்களின் உடல்கள் யானை கட்டும் கொட்டாரத்திற் பல்லாண்டு கிடந்தன. இங்கிலாந்திலிருந்து வந்த கை பிளாக் என்னும் ஆர்வலர் அவற்றை அடையாளங் கண்டு இரண்டை வாங்கிச் சென்றார். ஒன்று டக்ஸ்போர்டில் உள்ள யுத்தக் காட்சிசாலையில் நிற்கின்றது. மற்றொன்று நெடுங்காலம் பழுது பார்க்கப்பெற்று 2019-இல் ஆகாயத்திற் பறந்தது. யானைக்கும் கறையானுக்கும் நூறாண்டு ஈடுகொடுத்த மரச்சட்டம் அது.

இனி நம் மாகாணத்துச் செய்திக்கு வருவோம். 1940-இல் பிரான்சு வீழ்ந்தபின் இங்கிலாந்து தனித்து நின்றது. விமான உற்பத்தி மந்திரியாக இருந்த பீவர்புரூக் பிரபு, ஐயாயிரம் பவுன் தருவார் எவர்க்கும் ஒரு ஸ்பிட்பயரின்மேல் அவர் விரும்பிய பெயர் தீட்டப்படும் என்று அறிவித்தார். அக்காலத்தில் ரூபாய் ஒன்றுக்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்பது விகிதம். ஆதலின் ஐயாயிரம் பவுன் ஏறக்குறைய 66,667 ரூபாய் ஆகும். விமானத்தின் உண்மை விலை அதனினும் மிகுதியே. ஐயாயிரம் என்பது கொடுப்போர் மனத்திற் பதிதற்பொருட்டு வைத்த தொகை. வியாபாரிகளாகிய நம்மவர் இதன் நுட்பத்தை எளிதில் உணர்வர். பெருந்தொகை சேர்த்தளித்த நாடுகளுக்கும் மாகாணங்களுக்கும் ஓர் அணி முழுமைக்குமே பெயர் சூட்டும் பெருமை கிடைத்தது. சென்னை மாகாணம் பெற்றது அத்தகைய பெருமை.

அம்மூன்றனுள் 264-ஆம் அணியின் சரித்திரமே நினைக்கத்தக்கது. அது 1939 அக்டோபர் இறுதியில் மீண்டும் அமைக்கப்பட்டு, பௌல்டன் பால் என்னும் கம்பெனியார் செய்த டிபயன்ட் விமானங்களைப் பெற்றது. இவ்விமானத்தில் இருவர் இருப்பர். முன்னிருப்பவர் ஓட்டுவார். பின்னிருப்பவர் நான்கு இயந்திரத் துப்பாக்கிகள் பொருத்திய சுழலும் கூண்டில் அமர்ந்து சுடுவார். முன்னோக்கிச் சுடுதற்குத் தனித் துப்பாக்கி ஒன்றும் இல்லை. கூண்டு எப்பக்கமுந் திரும்பும் ஆதலின் அது போதுமென்பது அமைத்தோர் எண்ணம். 1940 மே மாதம் 29-ஆம் நாள் டன்கர்க் கடற்கரையின்மேல் இவ்வணியார் ஒரே பகலில் எதிரிகளின் 37 விமானங்களை வீழ்த்தியதாகக் கூறினர். பிற்காலத்தார் ஜெர்மானியக் கணக்குகளோடு ஒத்திட்டுப் பார்த்தபோது உண்மைத் தொகை அதனினும் பெரிதுங் குறைவென்று தெளிந்தது. ஒரே விமானத்தைப் பலர் சுட்டு ஒவ்வொருவரும் தம் கணக்கில் எழுதிக்கொள்ளுதல் ஆகாயப் போரில் இயல்பு, பொய்யென்று சொல்லுதற்கில்லை.

தொலைவிற் பார்ப்பார்க்கு டிபயன்ட் ஒற்றை ஆள் விமானமாகிய ஹரிக்கேன்போலவே தோன்றும். ஹரிக்கேனின் பின்புறம் பாதுகாப்பற்றது என்று நம்பிப் பின்னே வந்த எதிரி நான்கு துப்பாக்கிகளின் வாயிற் சென்று விழுந்தான். ஆயின் வேறுபாட்டை அறிந்துகொண்ட ஜெர்மானியர் முன்னிருந்தும் கீழிருந்தும் பாயத் தொடங்கினர். கூண்டின் பாரத்தால் வேகமுங் குறைந்த டிபயன்ட் அதற்கு ஆற்றவில்லை. 1940 ஆகஸ்டு மாத இறுதியில் சில நாட்களுக்குள்ளே 264-ஆம் அணி தன் வீரர் பலரை இழந்தது. கூண்டிலிருப்பவர் ஆபத்தில் வெளியே குதித்தலும் அரிது. பகற்போரிலிருந்து விலக்கப்பட்ட அவ்வணி பின்பு இரவுப் போருக்கு மாற்றப்பட்டது. 1942-இல் மாஸ்கிட்டோ விமானங்களைப் பெற்றது.

டிபயன்ட் விமானங்கள் மொத்தம் 1,064 செய்யப்பட்டன. அவற்றுள் இன்று முழுமையாய் எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. அஃது இங்கிலாந்தின் ஆகாயப் படைக் காட்சிசாலையில் உள்ளது. 264-ஆம் அணியின் விமானம் ஒன்றேனும் எஞ்சாத குறையை நோக்கி, அவ்விமானங்கள் பிறந்த வுல்வர்ஹாம்ப்டன் ஊரின் ஆர்வலர் ஒரு காரியஞ் செய்தனர். அளவுங் குறையாமல் உருவமும் பிழையாமல் மாதிரி டிபயன்ட் ஒன்றைத் தம் கையாலேயே அமைத்து, அதற்கு 264-ஆம் அணியின் வர்ணந் தீட்டினர். பறக்காதெனினும் பார்ப்பார்க்கு மெய்யான விமானமே போலும்.

இவ்வளவும் அங்கே. இங்கே நிகழ்ந்ததென்ன? 1939 செப்டம்பர் 3-ஆம் நாள் வைசிராய் லின்லித்கோ பிரபு, இந்நாட்டுப் பிரதிநிதிகளை ஒரு வார்த்தையுங் கேளாமல் இந்தியாவும் யுத்தத்திற் சேர்ந்தது என்று அறிவித்தார். அதனை ஒப்பாத காங்கிரஸ் மந்திரி சபைகள் பதவி விலகின. சென்னையில் ராஜாஜியின் மந்திரி சபையும் அவ்வாறே விலகியது. குடிகள் தேர்ந்தெடுத்த மந்திரிகள் இல்லாத அக்காலத்தில், 1940-இல் வந்த கவர்னர் சர் ஆர்தர் ஹோப் யுத்த நிதி திரட்டலானார். நிதி, விருப்பக் கொடை என்றே சொல்லப்பட்டது. ஆயின் லைசென்சுக்கும் பர்மிட்டுக்கும் அதிகாரிகளையே நோக்கி நிற்கும் வியாபாரியிடம் அவ்வதிகாரிகளே வந்து கொடை கேட்பின், விருப்பம் எது, அச்சம் எது என்று பிரித்தல் எளிதோ?

அந்நிதிக்கு ஒருவரும் பணங் கொடுக்கலாகாது என்று ஊரூராய்ச் சென்று பேசியவர் அப்பொழுது தமிழ்நாடு காங்கிரசின் தலைவராக இருந்த விருதுநகர் ஸ்ரீமான் காமராஜர். 1940 அக்டோபரில் காந்தியடிகள் வினோபாவை முன்னிறுத்தித் தனிநபர் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கியபோது அதன் சாரமும் இதுவே: ஆளாலும் பணத்தாலும் இந்த யுத்தத்திற்கு உதவுதல் தகாது என்பது. தமிழ்நாட்டுச் சத்தியாக்கிரகிகளின் ஜாபிதாவுக்கு அடிகளின் சம்மதம் பெறும்பொருட்டு வார்தாவுக்குச் சென்றுகொண்டிருந்த காமராஜர், டிசம்பர் மாதத்தில் குண்டூரில் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்படி கைது செய்யப்பட்டார். யுத்த நிதிக்கு விரோதமாகப் பேசினார் என்பது குற்றம். வேலூர்ச் சிறை அவருக்கு வாசமாயிற்று. அச்சிறையில் இருக்கும்போதே 1941-இல் விருதுநகர் மக்கள் அவரைத் தம் நகரசபைக்குத் தேர்ந்து அதன் தலைமையையும் அளித்தனர். நவம்பரில் விடுதலை பெற்று வந்த அவர், தேசத்தின் காரியம் பெரிதென்று கூறி அப்பதவியைத் துறந்தார்.

கொடை மனமுவந்து கொடுக்கப்படுவதாயின், ‘கொடாதீர்’ என்று சொன்னவனைச் சிறையிலிடுவானேன் என்பதே யாம் கேட்கும் கேள்வி. கோயிற் திருப்பணிக்குக் கொடாதே என்று ஒருவன் சொன்னால் அவனை ஊரார் ஏசுவர்; சங்கிலி பூட்டார். ஹிட்லரது கொடுமையை எதிர்த்தல் தகாதென்று காமராஜரேனும் காங்கிரசாரேனும் சொல்லவில்லை என்பதையும் இங்கே குறித்தல் வேண்டும். ஐரோப்பாவின் சுதந்திரத்திற்காகப் போர் செய்பவர் இந்தியாவின் சுதந்திரத்தைப் பற்றி வாய் திறவாதிருந்ததே வழக்கு.

மற்றொன்று. 1942 ஏப்ரல் 5-ஆம் நாள் ஜப்பானியர் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. சென்னை நகரம் கதிகலங்கியது. சர்க்கார் காரியாலயங்களே உள்நாட்டுக்கு இடம் பெயர்ந்தன. மாகாணத்தின் பெயர் பூண்ட அம்மூன்று அணிகளில் ஒன்றேனும் அன்று சென்னையில் இல்லை. இரண்டு அணிகள் இங்கிலாந்தில் இருந்தன. 79-ஆம் அணி மாத்திரம் அவ்வாண்டு இந்தியாவிற்கு வந்து, ஹரிக்கேன்களையும் பின்பு தண்டர்போல்ட்களையும் கொண்டு பர்மாப் போரிற் கலந்தது. ரங்கூனில் கடை வைத்திருந்த நம் தமிழர் எண்ணிறந்தோர் அதற்கு முன்பே காட்டுவழி நடந்து பாதி உயிராய் ஊர் வந்து சேர்ந்துவிட்டனர். வந்து சேராதவரும் பலர்.

பிற்பாடு தெற்கே அபாயம் மிகுந்ததென்று கண்டு தமிழ்நாட்டில் ஓடுபாதைகள் பல விரைந்து போடப்பட்டன. இன்று மதுரையிற் பயணிகள் ஏறியிறங்கும் விமான நிலையம் 1942-இல் ஆகாயப் படையின் உபயோகத்திற்கென அமைந்த தளமே. விருதுநகர், சாத்தூர், கோவிற்பட்டி கடந்து திருநெல்வேலிச் சாலையிற் செல்வார்க்குக் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாறு தெரியும்; அங்கும் யுத்தகால ஓடுபாதை ஒன்று உண்டு. சென்னைக்கு அருகே செங்குன்றம் ஏரியில் கேட்டலினா என்னும் நீர்விமானங்கள் இறங்கியேறி வங்கக் கடலைக் காவல் காத்தன.

யுத்தம் முடிந்தபின் வெள்ளையர் விட்டுச்சென்ற லிபரேட்டர் குண்டு விமானங்கள் கான்பூரில் உடைத்தெறியப்பட்டுக் கிடந்தன. பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையார் அவற்றுள் நாற்பதுக்கு மேற்பட்டவற்றைச் சீர்ப்படுத்தினர். அவற்றைக் கொண்டு 1948-இல் நம் ஆகாயப் படையின் 5-ஆம் அணி அமைந்தது. 1968 வரையில் அவை உழைத்தன. உலகில் பிற நாடுகள் அவ்வின விமானங்களை அலுமினியத்திற்காக உருக்கிவிட்ட பின்னர், மேல்நாட்டுக் காட்சிசாலைகள் நம்மிடமே வந்து வாங்கிச் சென்றன. அமெரிக்காவில் ஓர் ஆர்வலர் சங்கத்தார் மீண்டும் பறக்கவிட்ட லிபரேட்டரும் நம் படையில் ஊழியஞ் செய்ததே. நம்மவர் குப்பையிலிருந்து எடுத்து உயிர் கொடுத்ததை அவர்கள் பொன்போற் பேணுகின்றனர். தில்லி பாலத்தில் உள்ள நம் ஆகாயப் படைக் காட்சிசாலையில் 1933-இல் முதலாம் அணி தொடங்கிய காலத்து வாபிட்டி வகை விமானம் ஒன்று நிற்பதும், 1947-இல் காஷ்மீரத்திற்குச் சேனை சுமந்த விமானத்தின் எண்ணைத் தாங்கிய டகோட்டா 2018-இல் நம் படையிற் சேர்க்கப்பட்டதும் ஒருவாறு ஆறுதல் தருவன.

264-ஆம் அணியின் கூண்டுகளில் இருந்தெரிந்த இளைஞர் மேல் நமக்குப் பகையில்லை. அவர்கள் நம் பணம் எவ்வாறு திரட்டப்பட்டது என்பதை அறியார். ஆயின் அவ்விமானத்தின் ஆணியும் வர்ணமும் எண்ணி எழுதும் ஆர்வலர், ‘மதராஸ் பிரசிடென்ஸி’ என்னும் இரு சொற்களைக் காணும்போது வேலூர்ச் சிறையையும் சேர்த்து எழுதினால் அதன் ஜாதகம் நிறைவுபெறும். அங்கத்தினர் இல்லங்களில் 1940 முதல் 1945 வரையிலான யுத்த நிதி ரசீதுகளோ, விளம்பரத் தாள்களோ, அந்நாளையப் பெரியோர் எழுதிய கடிதங்களோ இருப்பின், மூலத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டு படி ஒன்றைச் சங்கக் காரியாலயத்திற்கு அனுப்பும்படி வேண்டுகின்றோம். வருவனவற்றை அடுத்து வரும் இதழ்களில் வெளியிடுவோம்.