கோழிக்கு ஏன் மூக்குக்கண்ணாடி?

காரைக்குடியை அடுத்த கோவிலூர்ப் பக்கம் வீட்டுப் பின்கட்டில் கோழி வளர்ப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். சந்தையில் வாங்கிய புதுக் கோழியைக் கூட்டத்தில் விட்டால் பழைய கோழிகள் கொத்தித் துரத்தும். சில நாட்களில் அது தன் இடத்தை அறிந்து ஒதுங்கி மேயும், சண்டை ஓயும். எந்தக் கோழி எதைக் கொத்தலாம் என்று கூட்டத்துக்குள் ஒரு வரிசை உண்டு என்பதை நார்வே நாட்டு அறிஞர் ஷெல்டெரப்-எப்பே 1920-களின் தொடக்கத்தில் விளக்கினார்.

ஒதுங்க இடமிருந்தால்தான் இந்த ஏற்பாடு பலிக்கும். ஆயிரக்கணக்கான கோழிகளை அடைத்து வளர்க்கும் பண்ணையில் தோற்ற கோழி எங்கே ஓடும்? அங்கே இன்னொரு தொல்லையும் உண்டு. குப்பையைக் கிளறி இரை தேட வழியில்லாத கோழி, பக்கத்துக் கோழியின் இறகைப் பிடுங்குகிறது. இது கோபமன்று, இரை தேடும் இயல்பு வழிமாறிப் போனது என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. ஒரு துளி இரத்தம் தெரிந்துவிட்டால் மற்றவையும் கூடிக் கொத்திக் கொன்றே விடும்.

இதைத் தடுக்க மனிதர் செய்த கருவிகள் விந்தையானவை. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து ஆண்ட்ரூ ஜாக்சன் என்பவர் 1903-இல் கோழிக்கு மூக்குக்கண்ணாடி செய்து காப்புரிமை பெற்றார் (அதே பெயருடைய குடியரசுத் தலைவர் வேறு, அவர் 1845-லேயே காலமானவர்). கொத்திலிருந்து கண்ணைக் காப்பதே அதன் நோக்கம். 1939-இல் வந்த வேறொரு கண்ணாடி நுட்பமானது. அதன் சிவப்பு வில்லைகள் கீலில் தொங்கின. தலை நிமிர்ந்தால் வில்லை கண்ணை மறைக்கும். எல்லாமே சிவப்பாகத் தெரிவதால் இரத்தம் தனித்துத் தோன்றாது. இரைக்குக் குனிந்தால் வில்லை முன்னே விலகித் தரை தெளிவாகத் தெரியும்! 1955-இல் புரூக்ளின் வணிகர் ஒருவர் தொலைக்காட்சியில் தோன்றி, ஆண்டுக்கு 20 முதல் 30 இலட்சம் ஜோடி விற்பதாகச் சொன்னார். 1980-களின் இறுதியில் கண்ணுக்குள்ளேயே பொருத்தும் சிவப்பு வில்லையும் வந்தது. கோழிகளுக்குக் கண் புண்ணானதால் அது நிலைக்கவில்லை.

நிலைத்தது வேறொன்று. 1940-ஆம் ஆண்டு வாக்கில் கலிபோர்னியாவின் சான்டியாகோ பகுதிப் பண்ணையாளர் ஒருவர், ஊதுவிளக்குத் தீயால் கோழிகளின் மேல் அலகு நுனியைச் சுட்டார். அண்டைப் பண்ணையாளர், தகரவேலைக்காரர் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலுக்குக் கத்திமுனை வைத்தார். அதிலிருந்து மின்சாரத்தால் காயும் தகடு கொண்ட எந்திரம் பிறந்தது. நம் நாமக்கல் முட்டைப் பண்ணைகளில் குஞ்சுகளுக்கு 'மூக்கு வெட்டுவது' இந்த வழியில்தான். வெட்டும்போதே சூடு இரத்தத்தை அடைத்துவிடும்.

நகம் வெட்டுவதுபோல்தானே என்று நீங்கள் கேட்கலாம். அல்ல. அலகின் கொம்புப் பகுதிக்கும் எலும்புக்கும் இடையில் உணர்ச்சி மிகுந்த மெல்லிய திசு உண்டு. இதைக் காட்டி, இங்கிலாந்தின் பிராம்பெல் குழு 1965-லேயே அலகு வெட்டலைத் தடை செய்யச் சொன்னது. 1985-இல் எடின்பரோ ஆய்வாளர்கள் பிரூவர்டும் ஜென்டிலும், வெட்டிய அலகில் நரம்பு நுனிகள் முடிச்சிட்டு வளர்வதையும் அவற்றிலிருந்து முறையற்ற துடிப்புகள் எழுவதையும் கண்டனர். கை கால் இழந்தவருக்கு ஏற்படும் வலியை இது நினைவூட்டுகிறது.

கண்ணையும் அலகையும் விட்டுக் கோழியின் குலத்தையே பார்த்தவர் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்து வில்லியம் மியூர். அதிக முட்டையிடும் தனிக் கோழியைத் தேர்ந்தால், பிறவற்றைக் கொத்தி ஒடுக்கும் முரட்டுக் கோழியே தேர்வாகிவிடக் கூடும் அல்லவா? எனவே அவர் ஒரே குடும்பத்துக் கோழிகளை ஒரு கூண்டில் வைத்து, மொத்தத்தில் சிறந்த கூண்டுகளிலிருந்தே அடுத்த தலைமுறையை எடுத்தார். அலகு வெட்டாத அக்கோழிகளில் ஆண்டுக்கு 68 விழுக்காடாக இருந்த சாவு, சில தலைமுறைகளிலேயே 9 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. முடிவு 1996-இல் வெளியாயிற்று.

ஆனால் நம் பண்ணையாளர் குஞ்சுகளைப் பொரிப்பகங்களிலிருந்து விலைக்கு வாங்குகிறார். அவற்றின் தாயையும் தந்தையையும் தேர்ந்தெடுப்பவர் அவரல்லர். அவர் கைக்கு எட்டுவது சூட்டுத் தகடுதான்.