குதிரையேற்றமும் உத்தியோகமும்

கும்பினி ஆட்சியில் சிபாரிசின் பிரசாதமாயிருந்த சிவில் உத்தியோகம், 1853-ஆம் ஆண்டுச் சாசனச் சட்டத்தின் பயனாக, 1855 முதல் லண்டனில் நடந்த போட்டிப் பரீட்சைக்கு உரியதாயிற்று. ஆயினும் வித்தை ஒன்றே போதுமென்று அதிகாரிகள் எண்ணினாரல்லர். ஜில்லாவைக் குதிரைமீதேறிச் சுற்றிவர வேண்டியவனுக்குக் கிரேக்கமும் லத்தீனும் மட்டும் எவ்வளவு தூரம் உதவும் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லாமலுமில்லை.

கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் பயின்ற அரவிந்த கோஷ், 1890-இல் அப்பரீட்சையில் 11-ஆவது ஸ்தானம் பெற்றும், அதன்பின் வந்த ஈராண்டுப் பயிற்சியின் ஏட்டுப் பரீட்சைகளில் தேறியும், எஞ்சிநின்ற குதிரையேற்றச் சோதனைக்குத் தவணைமேல் தவணை கொடுக்கப்பட்டும் போய்ச் சேராமையால், 1892-இல் விலக்கப்பட்டார். அவ்வுத்தியோகத்தில் அவருக்கே மனமில்லை என்பது வேறு கதை. அப்போது லண்டனிலிருந்த பரோடா மன்னர் சயாஜிராவ், குதிரையைப் பொருட்படுத்தாமல், அவரைத் தம் சமஸ்தானப் பணியில் அமர்த்திக்கொண்டார்.

சென்னையில் வழக்கம் வேறு. 1857-இல் தோன்றிய சர்வகலாசாலையின் பட்டத்துக்கிருந்த மதிப்பில், 'பி.ஏ. பெயில்' என்பதுகூட ஒரு யோக்கியதாம்சமாகச் சொல்லிக்கொள்ளப்பட்டது. எப்.ஏ.யிலேயே தவறிய ராமானுஜன், 1912 மார்ச் 1-ஆம் தேதி, துறைமுகக் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய்க் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது, அவருக்குத் துணைநின்றவை தம் கணித நோட்டுப்புத்தகங்களும், பிரஸிடென்ஸி கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் எழுதித் தந்த சான்றுக் கடிதமுமே. அங்கே மேலதிகாரியாயிருந்த நாராயண ஐயரும் கணிதத்தில் வல்லவராக வாய்த்தது அவர் செய்த பாக்கியம்.