கொரிட்சியா – நோவா கொரிட்சா

இத்தாலி – ஸ்லோவேனியா எல்லையில் ஒட்டியமைந்த இரட்டை நகரங்கள். கொரிட்சியா 1918 வரை ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசிலும் பின்னர் இத்தாலியிலும் இருந்தது. 1947 பாரிஸ் அமைதி உடன்படிக்கை வகுத்த எல்லையால் நகரம் இத்தாலியிடமே நிற்க, அதன் கிழக்குச் சுற்றுப்புறமும் 1906இல் திறக்கப்பட்ட தொடர்வண்டி நிலையமும் யூகோஸ்லாவியாவுக்குச் சென்றன. அங்கே 1948 முதல் நோவா கொரிட்சா என்னும் புதுநகர் எழுந்தது. நிலையத்தின் முன்னிருந்த சதுக்கத்தை எல்லைவேலி இரண்டாகப் பிரித்தது.

முன்பு யூகோஸ்லாவியாவின் பகுதியாயிருந்த ஸ்லோவேனியா 2004இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது சதுக்கத்து வேலி அகற்றப்பட்டது. 2007 டிசம்பரில் அந்நாடு ஷெங்கன் பகுதியில் இணைந்ததும் எல்லைச் சோதனைகள் நின்றன.

ஒத்துழைப்பு: ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு ஒழுங்குவிதி, வெவ்வேறு நாடுகளின் உள்ளாட்சிகள் சேர்ந்து சட்டத் தகுதியுள்ள பொது அமைப்பை உருவாக்க வழிசெய்தது. அதன்படி இவ்விரு நகரங்களும் அண்டை நகராட்சியான ஷெம்பேட்டர்-வெர்த்தோய்பாவும் 2011இல் கூட்டுக் குழுமம் அமைத்தன. இசோன்சோ ஆற்றோர நடை, மிதிவண்டிப் பாதைகளும் பொதுச் சுகாதாரச் சேவைகளும் அதன் முக்கியத் திட்டங்கள்.

அடையாளம்: இப்பகுதியில் இத்தாலியம், ஸ்லோவேனியம், ஃபிரியூலியம் ஆகியன பேசப்படுகின்றன. மொழியையோ குடியுரிமையையோ துறக்காமல், அன்றாடத் தேவைகளின் வழியே உருவாகும் ஐரோப்பிய உணர்வுக்கு இந்நகரங்கள் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகின்றன. எனினும் அவ்வுணர்வு தேசிய அரசுகளின் முடிவுகளுக்கு உட்பட்டதே: 2020இல் கொரோனா பரவியபோது சதுக்கத்தில் மீண்டும் தடுப்புவேலி நின்றது, 2023 அக்டோபரில் இத்தாலி எல்லைச் சோதனையை மீண்டும் கொண்டுவந்தது.

2025இல் இரு நகரங்களும் இணைந்து ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக விளங்கின.