தித்திக்கும் நஞ்சு: கிளைக்கோலின் கதை

பாரிஸ் நகரிலே, 1856 ஆம் ஆண்டில், அடோல்ப் வூர்ட்ஸ் என்னும் இரசாயன அறிஞர் ஒரு புதிய திரவத்தை ஆக்கினார். அதற்கு நிறமில்லை, மணமும் இல்லையெனலாம். எண்ணெய்போற் கொழுமையுடைய அத்திரவம் நாவிற் பட்டால் இனித்தது. அக்காலத்து இரசாயன அறிஞர் தாம் ஆக்கிய பொருள்களைச் சுவைத்துப் பார்க்க அஞ்சியவரல்லர். மதுசாரத்துக்கும் கிளிசரினுக்கும் நடுவே நிற்கும் பொருள் இதுவெனக் கண்ட வூர்ட்ஸ், அவ்விரண்டன் பெயர்களையும் இணைத்துக் 'கிளைக்கோல்' எனப் பெயரிட்டார். கிளிசரின் என்ற சொல்லுக்கு வேர், இனிப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே. இவ்வாறு திரவத்தின் இனிமை பிறந்த அன்றே அதன் பெயரில் ஏறிவிட்டது. அதன் நஞ்சைப் பற்றி மருத்துவ உலகம் பேசத் தொடங்குவதற்கு ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு சென்றது.

நெடுங்காலம் இத்திரவத்தால் எவருக்கும் பயன் இருக்கவில்லை. முதல் உலகப் போரின்போது ஜெர்மனியிற் கிளிசரினுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. வெடிமருந்து செய்வோர் அதற்குப் பதிலாக எதிலீன் கிளைக்கோலை நாடினர். போர் முடிந்தபின் ஐக்கிய அமெரிக்காவில் இதனைப் பெருமளவில் ஆக்கும் தொழில் வளர்ந்தது. அப்பொழுதுதான் மோட்டார் வண்டி இதனைத் தேடி வந்தது.

குளிர் நாடுகளில் மோட்டார் வண்டி வைத்திருந்தோர்க்கு மாரிகாலம் பெருந்தொல்லை. இயந்திரத்தின் சூட்டைத் தணிக்க ஓடும் நீர் இரவிலே உறைந்துவிடும். நீர் உறையும்போது விரிவதால் இரும்பு வார்ப்பும் பிளந்துவிடும். இதைத் தடுக்க மர மதுசாரத்தை நீரிற் கலந்தனர். அதுவோ 65 பாகைச் சூட்டிலேயே கொதித்து ஆவியாகிப் போயிற்று. சில நாளைக்கொருமுறை மீண்டும் ஊற்ற வேண்டியிருந்தது. கிளைக்கோல் கொதிப்பதற்கோ 197 பாகை வேண்டும். 1927 ஆம் ஆண்டில் 'பிரஸ்டோன்' என்ற பெயருடன் இது அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. இதில் ஒரு விந்தை உண்டு. தனிக் கிளைக்கோல் பூச்சியத்துக்குக் கீழ் 13 பாகையளவில் உறைந்துவிடும். நீரும் கிளைக்கோலும் சரிபாதியாய்க் கலந்த கலவையோ பூச்சியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 37 பாகை வரை உறையாது. மிகுதியாய் ஊற்றினால் மிகுதியான காப்புக் கிடைக்கும் என்று எண்ணியவர் ஏமாந்தனர்.

ஆகாய விமானத்திலும் கிளைக்கோல் இடம்பெற்றது. பிரித்தானியாவின் புகழ்பெற்ற மேர்லின் இயந்திரம் தொடக்கத்தில் தனிக் கிளைக்கோலினாலேயே குளிர்விக்கப்பட்டது. நீரைவிட உயர்ந்த சூட்டில் அது இயங்கியமையால் சிறிய ரேடியேற்றரே போதியதாயிற்று. விமானத்தின் வேகமும் கூடியது. ஆனால் கிளைக்கோல் நீர் புகாத மூட்டுகளிலும் கசிந்தது. மிகுந்த சூட்டில் தீப்பற்றவும் வல்லதாயிருந்தது. பின்னர் 30 பங்கு கிளைக்கோலும் 70 பங்கு நீரும் கொண்ட கலவையை அமுக்கத்தின்கீழ் வைக்கும் முறை வந்தது. 1940 இன் ஆகாயப் போரிலே, ரேடியேற்றரிற் குண்டு பாய்ந்த விமானம் வெண்ணிற ஆவியைப் பின்னால் விட்டுச் செல்லும். அதைக் கண்ட விமானி, தன் இயந்திரத்துக்கு எஞ்சியிருப்பவை சில நிமிடங்களே என்று அறிந்துகொள்வான்.

இதனிடையே வேறொரு கேடு மெல்ல வெளிப்பட்டது. 1930 ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சஞ்சிகையொன்று, உறைதடுப்புத் திரவத்தை அருந்தியதால் நேர்ந்ததாகக் கருதப்பட்ட மரணத்தைப் பற்றி எழுதியது. 1937 இல், இதன் நெருங்கிய உறவான டைஎதிலீன் கிளைக்கோலிற் கரைத்து விற்கப்பட்ட ஒரு மருந்தினால் அந்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பலர் குழந்தைகள். மருந்து இனிப்பாயிருந்தது, எனவே குழந்தைகள் அடம்பிடிக்காமற் குடித்தார்கள். புதிய மருந்துகளை விற்குமுன் அவை தீங்கற்றவையெனக் காட்டவேண்டுமென்ற 1938 ஆம் ஆண்டுச் சட்டம் அத்துயரத்தின் பின்னரே பிறந்தது.

எதிலீன் கிளைக்கோல் நேரே கொல்வதில்லை. அருந்தியவர் முதற் சில மணி நேரம் மது வெறி கொண்டவர் போலத் தோன்றுவார். சூழ இருப்போரும் அவ்வாறே எண்ணி உறங்க விட்டுவிடுவர். அதற்குள் ஈரலின் நொதியங்கள் அதனை அமிலங்களாக மாற்றுகின்றன. இறுதியிற் பிறக்கும் ஒட்சாலிக் அமிலம் இரத்தத்திலுள்ள கல்சியத்துடன் சேர்ந்து, ஊசி போன்ற பளிங்குகளாய்ச் சிறுநீரகத்திற் படிகின்றது. வளர்ந்தவர் ஒருவரைக் கொல்ல ஏறத்தாழ 100 மில்லிலீற்றர் போதும். பூனைக்கு ஒரு தேக்கரண்டியளவே போதும்.

மருந்தோ மதுசாரமே! அந்த நொதியம் கிளைக்கோலைவிட மதுசாரத்தையே விரைந்து பற்றுவது; மதுசாரம் உடலில் உள்ளவரை கிளைக்கோல் மாறுதலடையாமற் சிறுநீருடன் வெளியேறும். இம்முறையால் நோயாளர் பிழைத்ததை 1965 இல் மருத்துவர்கள் எழுதினர். அந்நொதியத்தையே தடுக்கும் போமெபிசோல் என்னும் மருந்து 1997 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எனினும் இவையெல்லாம் காலத்தோடு வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டோர்க்கே உதவும்.

இத்திரவம் தோலிற் பட்டால் கழுவிவிடலாம். குளிர்ந்த நிலையில் அதன் ஆவியும் அற்பமே. சூடேறிய ரேடியேற்றரின் மூடியைத் திறப்பவர் முகத்திற் சீறிப்பாயும் கொதிதிரவம் வேறு விதமான ஆபத்து. ஆயினும் பெரும் ஆபத்து, எஞ்சியதைச் சோடாப் போத்தலில் ஊற்றி அலுமாரியில் வைப்பதிலும், நிலத்திற் சிந்தியதை நாய் நக்குமாறு விட்டுவிடுவதிலுமே உள்ளது.

1958 இல் ஸ்கொட்லாந்தில், உணர்ச்சி மரக்கச் செய்யும் மருந்தொன்றைத் தேடியவர்கள் உலகிலேயே மிகக் கசப்பான பொருளொன்றைத் தற்செயலாகக் கண்டெடுத்தனர். அக்கசப்பை உறைதடுப்புத் திரவத்தில் கலக்கவேண்டுமென ஒரிகன் மாநிலம் 1991 இல் சட்டமியற்றியது. 2012 இல் அமெரிக்க உற்பத்தியாளர் தாமாகவே அதற்கு இசைந்தனர். ஆயினும் ஒரிகன், கலிபோர்னியா மாநிலங்களின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், இத்திரவத்தை அருந்தும் சிறுவர் தொகை குறைந்ததாகக் காணவில்லை. கசப்பு நாவிற் படுமுன்பே முதல் மிடறு வாய்க்குள் சென்றுவிடுகிறது.