தேநீர் சுவைத்தல்

தேநீர் சுவைத்தல் என்பது, பலவகைத் தேயிலைகளை ஒரே முறையில் ஊறவைத்து, அவற்றின் தோற்றம், நிறம், மணம், சுவை, வாயுணர்வு ஆகியவற்றை ஒப்பிட்டு அறிந்து, அறிந்ததைச் சொற்களால் பதிவு செய்யும் செயல் ஆகும். இது இரு நிலைகளில் நடைபெறுகின்றது. ஒன்று, தேயிலை வணிகத்தில் தரத்தையும் விலையையும் தீர்மானிப்பதற்காகத் தொழில்முறைச் சுவைஞர்கள் செய்வது. மற்றொன்று, ஆர்வலர்கள் சிறு குழுக்களாகக் கூடிச் சுவைத்துத் தம் கருத்துக்களைப் பரிமாறிக்கொள்வது. இரண்டுக்கும் நோக்கம் வேறாயினும், அடிப்படை முறையும் சொற்களும் பெரும்பாலும் பொதுவானவை.

வரலாறு

சீனாவில் கி.பி. 8ஆம் நூற்றாண்டில், தாங் அரச மரபுக் காலத்தில் வாழ்ந்த லூ யூ எழுதிய தேயிலை பற்றிய நூல், இத்துறையில் அறியப்பட்ட மிகப் பழைய முழுமையான நூலாகக் கருதப்படுகின்றது. தேநீருக்கு மலை ஊற்று நீர் சிறந்தது, ஆற்று நீர் இடைத்தரமானது, கிணற்று நீர் கடைத்தரமானது என அந்நூல் வகைப்படுத்துகின்றது. சுவைக்கு இலை மட்டுமன்றி நீரும் காரணம் என்னும் கருத்து அக்காலத்திலேயே இருந்தமையை இது காட்டுகின்றது.

சொங் அரச மரபுக் காலத்தில் (960–1279) தேநீர்ப் போட்டிகள் பெருவழக்காயின. பொடித்த தேயிலையைக் கிண்ணத்தில் இட்டு வெந்நீர் ஊற்றிக் கடைந்து, எவருடைய தேநீரில் வெண்ணுரை நீண்ட நேரம் நிற்கின்றது என ஒப்பிடுவர். நுரையின் வெண்மை தெளிவாகத் தெரிவதற்காகக் கரிய நிறப் பீங்கான் கிண்ணங்கள் விரும்பப்பட்டன. இம்மரபின் பேரரசர்களுள் ஒருவரான ஹுய்சோங் தாமே தேயிலை பற்றி ஒரு நூல் எழுதியுள்ளார்.

இவ்வழக்கம் யப்பானுக்குச் சென்றபோது, தேயிலையின் பிறப்பிடத்தைச் சுவையால் கண்டுபிடிக்கும் விளையாட்டாக மாறியது. கியோட்டோவுக்கு அருகிலுள்ள தொகனோ என்னும் இடத்தில் விளைந்ததை 'உண்மைத் தேநீர்' எனவும், ஏனையவற்றை 'அல்லாத தேநீர்' எனவும் பிரித்தறிவதே தொடக்ககாலப் போட்டி. பின்னர் நான்கு வகைத் தேநீரைப் பத்துக் கிண்ணங்களில் பரிமாறும் முறை தோன்றியது. விலையுயர்ந்த பொருட்களைப் பந்தயமாக வைத்து ஆடும் அளவுக்கு இது வளர்ந்ததால், 1336ஆம் ஆண்டில் அசிகாகா ஆட்சியாளர் வெளியிட்ட விதித்தொகுப்பு இத்தகைய கூட்டங்களைக் கண்டித்தது. இவ்விளையாட்டின் எளிய வடிவங்கள் யப்பானில் இன்றும் நிலவுகின்றன.

தொழில்முறைச் சுவைத்தல் ஏலச் சந்தைகளுடன் சேர்ந்து வளர்ந்தது. இலண்டன் தேயிலை ஏலம் 1679ஆம் ஆண்டில் தொடங்கி 1998ஆம் ஆண்டு வரை நடைபெற்றது. கல்கத்தாவில் 1861ஆம் ஆண்டிலும், கொழும்பில் 1883ஆம் ஆண்டிலும், கொச்சியில் 1947ஆம் ஆண்டிலும், நீலகிரி மாவட்டத்தின் குன்னூரில் 1963ஆம் ஆண்டிலும் ஏலங்கள் தொடங்கின. ஐக்கிய அமெரிக்காவில் 1897ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, இறக்குமதியாகும் தேயிலையைச் சுவைத்துப் பார்த்து ஏற்கவோ மறுக்கவோ அரசுச் சுவைஞர்கள் நியமிக்கப்பட்டிருந்தனர். இம்முறை 1996ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது.

தேயிலை வகைகள்

எல்லா வகைத் தேயிலையும் கமேலியா சினென்சிஸ் என்னும் ஒரே தாவரத்திலிருந்து பெறப்படுகின்றன. இதில் சிறிய இலை கொண்ட சீன வகை, பெரிய இலை கொண்ட அசாம் வகை என இரு முதன்மை வகைகள் உள்ளன. பறித்த பின் இலை எவ்வாறு பதப்படுத்தப்படுகின்றது என்பதே பெயர் வேறுபாட்டுக்குக் காரணம்.

• வெண் தேயிலை: வாட்டி உலர்த்துவதோடு நின்றுவிடும். மென்மையான மணமும் இலேசான இனிப்பும் உடையது.
• பச்சைத் தேயிலை: ஆவியிலோ சூடான சட்டியிலோ இட்டு ஆக்சிசனேற்றம் தடுக்கப்படும். ஆவியில் பதப்படுத்தும் யப்பானிய வகைகளில் கடற்பாசி, பசும்புல் ஆகியவற்றின் மணமும், சட்டியில் வறுக்கும் சீன வகைகளில் வறுத்த பயறின் மணமும் மேலோங்கும்.
• மஞ்சள் தேயிலை: பச்சைத் தேயிலை போன்றது. ஆயினும், ஈரத்துடன் மூடிவைத்து மென்மையாக்கப்படும்.
• ஊலோங்: பகுதியளவே ஆக்சிசனேற்றம் செய்யப்படுவது. மலர் மணம் முதல் வறுத்த தானிய மணம் வரை பரந்த வேறுபாடு கொண்டது.
• கறுப்புத் தேயிலை: முழுமையாக ஆக்சிசனேற்றம் செய்யப்படுவது. இந்தியா, இலங்கை, கென்யா ஆகிய நாடுகளில் பெருமளவில் உற்பத்தியாவது இதுவே.
• கருமைத் தேயிலை: நுண்ணுயிர்களால் நொதிக்கவைக்கப்படுவது. யுன்னான் மாகாணத்தின் பு-எர் இதற்கு எடுத்துக்காட்டு. ஈரமண், பழைய மரம் போன்ற மணம் உடையது.

சுவைக்கான காரணங்கள்

பழந்தமிழ் மரபில் சுவை ஆறு எனக் கொள்ளப்படுகின்றது. அவற்றுள் ஒன்றான துவர்ப்பே தேநீரில் முதன்மையானது. தற்கால உடலியல் துவர்ப்பை நாவின் அடிப்படைச் சுவைகளுள் ஒன்றாகக் கொள்வதில்லை. இலையிலுள்ள பலபீனால்கள் உமிழ்நீர்ப் புரதங்களுடன் பிணைவதால் வாயின் வழவழப்புக் குறைந்து ஏற்படும் தொடு உணர்வாகவே அது விளக்கப்படுகின்றது. கசப்பும் துவர்ப்பும் வெவ்வேறானவை. கசப்பு பெரும்பாலும் நாவில் உணரப்படும்; துவர்ப்பு கன்னங்களின் உட்புறத்திலும் ஈறுகளிலும் இழுப்பது போல் உணரப்படும். புதிதாகச் சுவைக்கத் தொடங்குவோர் முதலில் பிரித்தறிய வேண்டியது இவ்விரண்டையே.

பச்சைத் தேயிலையின் துவர்ப்புக்கும் கசப்புக்கும் கேட்டகின்கள் காரணம். ஆக்சிசனேற்றத்தின்போது இவை தியாஃபிளேவின், தியாரூபிகின் என்னும் சேர்மங்களாக மாறுகின்றன. முன்னது கறுப்புத் தேநீரின் பொன்னிற ஒளிக்கும் சுறுசுறுப்பான துவர்ப்புக்கும், பின்னது செந்நிறத்துக்கும் அடர்த்திக்கும் காரணமாகின்றன. தியானைன் என்னும் அமினோ அமிலம், யப்பானிய வேதியியலாளர் கிகுனே இக்கேடா 1908ஆம் ஆண்டில் விளக்கிய உமாமி சுவையை ஒத்த உணர்வைத் தருகின்றது. தேயிலைச் செடிகளுக்கு நிழல் கொடுத்து வளர்க்கும்போது தியானைன் மிகுதியாகத் தங்குகின்றது. நல்ல கறுப்புத் தேநீர் ஆறும்போது பால்போல் கலங்குவதுண்டு. காஃபீனும் பலபீனால்களும் பிணைவதால் ஏற்படும் இக்கலக்கம் குறையன்று. அடர்த்தியின் அடையாளமாகவே சுவைஞர்கள் இதனைக் கொள்வர்.

நிலமும் காலமும் மணத்தைத் தீர்மானிக்கின்றன. இலங்கையின் ஊவாப் பகுதியில் ஏறத்தாழ சூலை முதல் செப்டம்பர் வரை வீசும் வறண்ட கச்சான் காற்றின் காலத்தில் பறிக்கப்படும் கொழுந்து, புதினாவை நினைவூட்டும் குளிர்ந்த மணம் உடையது. மேற்குச் சரிவிலுள்ள திம்புலையின் சிறந்த காலம் சனவரி முதல் மார்ச் வரையாகும். தாழ்நிலத் தேயிலை கரிய நிறமும் அடர்த்தியும் கொண்டு மேற்காசிய நாடுகளில் விரும்பப்படுகின்றது. நீலகிரியில் பனிக்காலக் கொழுந்து நறுமணத்துக்குப் பெயர் பெற்றது. தார்சிலிங்கின் இரண்டாம் பருவக் கொழுந்திலும், தாய்வானின் 'கீழைத்தேச அழகி' என்னும் ஊலோங்கிலும் காணப்படும் பழமணத்துக்கு, தத்துப்பூச்சிகள் இலையைக் கடிப்பதும் அதற்கு எதிராகச் செடி மணப்பொருட்களை உண்டாக்குவதும் காரணமாகும்.

தொழில்முறை

பன்னாட்டுத் தரப்படுத்தல் நிறுவனம் 1980ஆம் ஆண்டில் வெளியிட்டு 2019ஆம் ஆண்டில் திருத்திய ஐ.எசு.ஓ. 3103 என்னும் தரநிலை, சுவைச் சோதனைக்கான தேநீரைத் தயாரிக்கும் முறையைக் கூறுகின்றது. 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் ஊறல், மூடியுடைய வெண்பீங்கான் பாத்திரம் என்பன இதன் முக்கிய கூறுகள். இது சுவையான தேநீர் தயாரிக்கும் வழிகாட்டி அன்று. குறைகள் மறையாமல் வெளிப்படுவதற்காகவே நீண்ட நேரம் ஊறவைக்கப்படுகின்றது. இத்தரநிலைக்கு மூலமான பிரித்தானியத் தரநிலை 1999ஆம் ஆண்டில் நகைச்சுவைப் பரிசான இக்நோபல் பரிசைப் பெற்றது.

சுவைஞர் மூன்றைப் பார்க்கின்றார்: உலர்ந்த இலை, ஊறிய இலை, வடிநீர். உலர்ந்த இலையில் அளவு ஒழுங்காக உள்ளதா, நார், காம்பு கலந்துள்ளதா எனவும், ஊறிய இலையில் செம்பு நிறம் பளிச்சென உள்ளதா, மங்கியுள்ளதா எனவும் நோக்குவார். பின்னர் வடிநீரைக் கரண்டியால் எடுத்து ஓசையுடன் உறிஞ்சுவார். இவ்வாறு உறிஞ்சும்போது நீர் துளிகளாகச் சிதறி வாய் முழுவதும் பரவுவதோடு, மணம் தொண்டை வழியாக மூக்கை அடைகின்றது. அதன்பின் உமிழ்கலத்தில் உமிழ்ந்துவிட்டு அடுத்த கிண்ணத்துக்குச் செல்வார். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கிண்ணங்களைச் சுவைக்க வேண்டியிருப்பதால் விழுங்குவது இயலாது. பால் சேர்த்துக் குடிக்கும் சந்தைகளுக்கான தேயிலை பால் சேர்த்தும் சோதிக்கப்படுகின்றது.

ஏலத்துக்கு முன் தரகர்கள் மாதிரிகளைச் சுவைத்து மதிப்பிடுகின்றனர். கொள்வோரும் தாமே சுவைக்கின்றனர். ஏலங்கள் மின்னணு முறைக்கு மாறிய பின்னரும் இவ்வேலையைக் கருவிகள் முழுமையாக ஏற்கவில்லை.

சுவையும் உழைப்பும்

சுவைஞரின் குறிப்பு தொழிற்சாலைக்கும் தோட்டத்துக்கும் திரும்பிச் செல்கின்றது. கருகல் மணம் உலர்த்தும் சூட்டின் மிகுதியைக் காட்டும். மங்கிய ஊறல் இலை, சாக்கில் நெருக்கித் திணிக்கப்பட்டுக் கொழுந்து சூடேறியதைக் காட்டலாம். நார் மிகுதி, 'இரண்டு இலையும் ஒரு மொட்டும்' என்னும் விதி மீறப்பட்டதைக் காட்டும். கொழுந்துக் கூடையின் நிறையைக் கொண்டு கூலி கணக்கிடப்படும் இடங்களில், நுண்பறிப்பும் கூடுதல் நிறையும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. இம்முரண்பாட்டின் சுமையை ஏற்பவர்கள் கொழுந்து பறிக்கும் தொழிலாளர்களே. இலங்கை மலையகத்தில் இவர்களுள் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். நீலகிரியிலும் இலங்கையின் தாழ்நிலங்களிலும் உள்ள சிறு விவசாயிகளுக்குக் கிடைக்கும் பச்சைக் கொழுந்தின் விலையும் ஏல விலையைச் சார்ந்தே அமைகின்றது. எனவே ஒரு மிடறு தேநீர் பற்றிய கருத்து, அதை விளைவித்தவரின் வருமானத்தையும் தொடுகின்றது.

குழுவாகச் சுவைத்தல்

ஆர்வலர் குழுக்களில் ஓர் அமர்வுக்கு மூன்று முதல் ஆறு வகைகள் போதுமானவை. அதற்கு மேற்பட்டால் துவர்ப்பினால் நா களைத்துவிடும். பொதுவாகப் பின்பற்றப்படும் ஒழுங்கு பின்வருமாறு:

1. அமர்வுக்கு முன் வெற்றிலை, புகையிலை, காரமான உணவு, வாசனைத் திரவியம் ஆகியவை தவிர்க்கப்படும்.
2. எல்லா வகைக்கும் ஒரே நீர் பயன்படுத்தப்படும். கடின நீரில் தேநீர் மங்கி, மேற்பரப்பில் படலம் தோன்றும் என்பதால் மென்னீர் விரும்பப்படும்.
3. இலையும் நீரும் அளந்து எடுக்கப்படும். நேரம் கடிகாரத்தால் கணிக்கப்படும்.
4. பெயர் மறைக்கப்பட்டுக் கிண்ணங்களுக்கு எண் மட்டும் இடப்படும்.
5. வெண் தேயிலை போன்ற மென்மையான வகைகள் முதலிலும், அடர்ந்தவை இறுதியிலும் சுவைக்கப்படும். இடையில் வெறும் நீரோ உப்பில்லாச் சோறோ உட்கொள்ளப்படும்.
6. சூடாக ஒரு முறையும் ஆறியபின் ஒரு முறையும் சுவைக்கப்படும். சூட்டில் மறைந்திருக்கும் குறைகள் ஆறும்போது தெரியவரும்.
7. ஒவ்வொருவரும் பேசுவதற்கு முன் தம் குறிப்பை எழுதி முடிப்பர்.

இறுதி விதி மிக முக்கியமானது. ஒருவர் 'மல்லிகை மணம்' என்று வாய்விட்டுச் சொன்னபின் ஏனையோருக்கும் மல்லிகையே தோன்றுவது இயல்பு. விலையும் பெயரும் அவ்வாறே தீர்ப்பை மாற்றக்கூடியவை.

ஒருவரால் உண்மையில் வேறுபாடு அறிய முடிகின்றதா என்பதைச் சோதிக்க முக்கோணச் சோதனை பயன்படுகின்றது. மூன்று கிண்ணங்களில் இரண்டில் ஒரே தேநீரும் ஒன்றில் வேறு தேநீரும் இருக்கும். வேறானதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஊகத்தால் சரியாகச் சொல்வதற்கான வாய்ப்பு மூன்றில் ஒன்று என்பதால் பல முறை செய்தல் வேண்டும். புள்ளியியலின் வரலாற்றிலும் தேநீருக்கு இடம் உண்டு. பால் முதலில் ஊற்றப்பட்டதா, தேநீர் முதலில் ஊற்றப்பட்டதா எனச் சுவைத்தே கூற முடியும் என்று முரியல் பிரிசுட்டல் என்னும் ஆய்வாளர் கூறியதை அடிப்படையாகக் கொண்டு, ரொனால்டு ஃபிசர் 8 கிண்ணச் சோதனை ஒன்றை வடிவமைத்து, 1935ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். 4 கிண்ணங்களையும் ஊகத்தாலேயே சரியாகத் தெரிவுசெய்யும் வாய்ப்பு 70இல் 1 ஆகும்.

சீனாவின் கொங்ஃபு முறை ஒப்பீட்டைவிட ஒரே தேயிலையின் மாற்றத்தை அறியப் பயன்படுகின்றது. சிறு பாத்திரத்தில் மிகுந்த இலையிட்டு, சில விநாடிகளே ஊறவைத்து, மீண்டும் மீண்டும் நீர் ஊற்றப்படும். அனைவருக்கும் ஒரே அடர்த்தி கிடைப்பதற்காக, வடிநீர் முதலில் பொதுக் கலம் ஒன்றில் சேர்க்கப்பட்டுப் பின்னர் கிண்ணங்களில் பகிரப்படும்.

சுவைச் சொற்கள்

வணிகத்தில் வழங்கும் சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து வந்தவை. அவற்றை ஒத்த தமிழ் விளக்கங்கள் சில:

• சுறுசுறுப்பு: வாயில் உயிர்ப்புடன் தோன்றும் துவர்ப்பு. இதற்கு எதிரானது சப்பை.
• ஒளி: வடிநீர் தெளிந்து பளிச்சிடுதல். இதற்கு எதிரானது மங்கல்.
• அடர்த்தி: வாயில் நிறைவாகவும் கனமாகவும் உணரப்படுதல்.
• முளைதானிய மணம்: முளைகட்டி வறுத்த தானியத்தின் மணம், அசாம் தேயிலையில் சிறப்பாகக் காணப்படும்.
• பச்சை வாடை: ஆக்சிசனேற்றம் போதாத கறுப்புத் தேயிலையின் கரகரப்பான சுவை.
• கருகல்: மிகைச் சூட்டில் உலர்த்தியதால் வரும் சுவை.
• தொற்று மணம்: எண்ணெய், சோப்பு, மசாலை போன்ற பிற பொருட்களிடமிருந்து இலை உறிஞ்சிய மணம்.

அயல்நாட்டுப் பழங்களையும் மலர்களையும் கொண்டு எழுதப்பட்ட விவரிப்புக்கள் அவற்றை முகர்ந்தறியாதவருக்குப் பயன்படா. ஈரமண், வாழைத்தண்டு, கருப்பட்டி, நன்னாரி, தாழம்பூ, வறுத்த பயறு எனக் குழுவினர் அனைவரும் அறிந்த பொருட்களைச் சுட்டும்போது, ஒருவரின் குறிப்பைக் கொண்டு மற்றவர் அதே மணத்தைத் தேடிக் காண இயலும். குறிப்புக்களுடன் தேயிலையின் பெயர், பறித்த பருவம், இலையின் நிறை, நீரின் அளவு, ஊறிய நேரம் ஆகியவற்றையும் எழுதிவைத்தால் மட்டுமே அடுத்த அமர்வுடன் ஒப்பிட முடியும்.

இவற்றையும் பார்க்கவும்

• தேயிலை
• ஊலோங் தேநீர்
• அறுசுவை
• மலையகத் தமிழர்